விகுதி

நாகலூர் போகும் வழியில், சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே
தகரக் கூரை போட்ட எங்கள் ஜெபவீடு.
நாற்பத்தோரு பேர். மூடுபனி உள்ளே புகுந்தால்
பாதிப் பேர் வெறும் இருமல்தான்.
தவக்காலத்தின் மூன்றாம் ஞாயிறு.
பாடம் வாசிக்கும் முறை எனக்கு.

மற்ற ஆறு நாளும் நான் எஸ்டேட் ரைட்டர்.
செக்ரோலில் ஏற்றுவேன்:
ஆள் ஒன்று, ஆள் இரண்டு, அரை ஆள்.
என் பேனாவுக்கு யாரும் ‘அவர்’ இல்லை,
மேனேஜரைத் தவிர.

அன்றைக்குக் கிணற்றடிப் பெண்ணின் கதை.
வேதம் அவளுக்குப் பெயர் வைக்கவில்லை.
என் கையிலிருந்த பழைய பிரதியில்
அவள் வந்தாள், கேட்டாள், ஓடினாள்.
அவரோ வந்தார், அமர்ந்தார், களைத்திருந்தார்.
அவர் அவளை ‘நீ’ என்கிறார்.
அவள் அவரை ‘நீர்’ என்கிறாள்.
எங்கள் மலையில் ஒருவரும் ஒருவரையும் கூப்பிடாத சொல்,
ஜெபத்தில் மட்டும் ஊறுவது.
ஒரு கணம் குழம்பிவிட்டேன்,
அவள் கூப்பிட்டது ஆளையா தண்ணீரையா என்று.

அதில்தான் நாக்கு தடுக்கியது.
குடத்தை வைத்துவிட்டு ‘அவர் போனார்’ என்று வாசித்தேன்.
திருத்தவில்லை.
அடுத்த வரியிலும் ‘சொன்னார்.’

“யாரய்யா போனது? கர்த்தரா குடம் தூக்கி வந்தார்?”
வாசலிலேயே பிடித்துக்கொண்டார் செயலாளர் ஞானாபரணம்.
“எழுதியிருப்பதில் ஓர் எழுத்தை மாற்ற நீ யார்?”

ஆயர் தேவசித்தம் அங்கியை மடித்தபடி சொன்னார்:
“மூலத்தில் அந்த எழுத்தே கிடையாது ஐயா.
கிரேக்க வினைச்சொல் ஆண் பெண் பார்க்காது,
உசத்தி தாழ்த்தி பார்க்காது.
நம் மொழிதான் தராதரம் பார்க்காமல்
ஒரு வாக்கியத்தை முடிக்க விடாது.”

“அப்படியானால் பார்த்தே முடிப்போம்”
என்று குடையை விரித்தார் செயலாளர்.

இரவு தூக்கம் வரவில்லை.
ஏதோ ஒரு கடலோர ஊரில்
வெள்ளைக்காரர் ஒருவர் அர்த்தம் சொல்லச் சொல்ல
எழுதிக்கொண்டிருந்த முன்ஷியை நினைத்துக்கொண்டேன்.
துரைக்கு விகுதி பிடிபடாது. நிமிர்ந்து பார்த்திருப்பார்.
முன்ஷி ஜன்னலுக்கு வெளியே பார்த்திருப்பார்.
வெயிலில் குடத்தோடு யாரோ போயிருப்பாள்.
தன் தெரு அவளை எப்படிக் கூப்பிடுமோ
அப்படியே எழுதியிருப்பார்.
வஞ்சகம் ஒன்றுமில்லை. பழகிய காது.
மை காய்ந்தது, வேதமாயிற்று.
அதன்மேல் கை வைத்துச் சத்தியம் செய்கிறோம்.
கழுதைக்கு ‘அது’. அதில் மட்டும் எந்தச் சபையிலும் தகராறில்லை.

திங்கட்கிழமை, மிளகு எடை.
யோவன்னாள் மூட்டையை இறக்கி, தலைத்துண்டை உதறி,
எப்படி முடிப்பதென்று தெரியாமல்
அந்த வாக்கியத்தை அங்கேயே விடுகிறேன்.

“சார், நேத்து அவள அவர்னு படிச்சீங்களே.”
“ஆமா.”
“வேணாம் சார்.
அவர்னா, யாரோ பங்களா அம்மா
வேலைக்காரிக்கு லீவு குடுத்துட்டு
தண்ணிக்கு வந்த மாதிரி இருக்கு.
மத்தியானம் தனியா வந்தது அவதான்.
அவகிட்டதான் அவரு வாய்விட்டுத் தண்ணி கேட்டாரு.
அத மாத்திப்புடாதீங்க.”

பிறகு தராசு முள்ளைக் காட்டி,
“இருபத்தி மூணு சார்.
போன வாரம் மாதிரி பத்தொம்பதுன்னு போட்டுராதீங்க.”

இருபத்து மூன்று என்று எழுதினேன்.
போன வாரப் பக்கத்தைப் புரட்டினேன்.
மேனேஜர் கையெழுத்து விழுந்த பக்கம்;
அதிலும் ஓர் எழுத்தை மாற்ற நான் யார்?
அடுத்த மூட்டை ஈரத்தில் காத்திருந்தது.

யோவன்னாள் காலிச் சாக்கை மடித்து,
தோளில் போட்டு,
காப்பிப் பூ வெளுத்துக் கிடந்த சரிவில் இறங்கி