கார் தூங்கும் வரை

கதவு திறந்தே இருக்கட்டும்.
பூட்டின் நாக்கை மட்டும்
ஸ்க்ரூடிரைவரால் தட்டி மடக்கு.
மூடிவிட்டார்கள் என்று கார் நம்பிவிடும்.
பொய் சொல்லித் தூங்கவைத்தல் என்று
இதற்கு நான் பெயர் வைத்திருக்கிறேன்.
பாடப்புத்தகத்தில் வேறு பெயர்.

பதினெட்டு வருடம் காகித ஆலையில்
உருளைகளின் அலறலுக்குப் பக்கத்தில் நின்றவள் நான், சிர்க்கு.
ஆலை மூடியபோது வயது நாற்பத்து மூன்று.
இப்போது கெமி நகரத் தொழிற்பள்ளியில்
என் மகனைவிட இளைய ஒன்பது பேரோடு படிக்கிறேன்.
பாடம் நடத்தும் யோவ்னிக்கும்
என்னைவிடப் பத்து வயது குறைவு.
முதல் வாரம் எல்லாரும் "நீங்கள்" என்றார்கள்.
பிரேக் திரவம் முழங்கை வரை வழிந்த அன்று
நான் உதிர்த்த ஒரு சொல்லுக்குப் பிறகு
"நீ" ஆகிவிட்டேன்.

மருத்துவச்சி ஹன்னெலெயின் சாம்பல்நிற ஸ்கோடா
மாலையில் நல்லபடி நிற்கிறது,
காலையில் செத்துக் கிடக்கிறது.
பேட்டரி புதிது. ஆல்டர்னேட்டரிலும் குறையில்லை.
ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து
எங்கோ மின்சாரம் கசிகிறது.

மல்டிமீட்டரை இணைத்துவிட்டு
நாற்பது நிமிடம் காத்திரு என்கிறது தாள்.
காருக்குள்ளிருக்கும் குட்டிக் குட்டி மூளைகள்
ஒவ்வொன்றாய்க் கண்ணயர வேண்டுமாம்.
வெளியே மைனஸ் இருபத்தி ஏழு.
ஹீட்டர் கம்பங்களில் கட்டிய மாடுகள் போல
வரிசையாய் நிற்கின்றன மற்ற வண்டிகள்.
முப்பத்தாறாவது நிமிடம்
பின்சீட்டில் விட்ட காபிக் கோப்பைக்காக
கைப்பிடியை இழுத்தேன்.
விளக்குகள் எரிந்தன. எங்கோ ஒரு மோட்டார் முனகியது.
எண்கள் கண் விழித்து எகிறின.
ஒன்பது பையன்களும் என்னைப் பார்த்தார்கள்.
யோவ்னி கடிகாரத்தைப் பார்த்தான்.
மறுபடி முதலிலிருந்து.

தூங்கிய பிறகு நானூற்றுப் பத்து மில்லியாம்பியர்.
ஐம்பதைத் தாண்டக் கூடாது.
ஃபியூஸ்களை ஒவ்வொன்றாய்ப் பிடுங்கினேன்.
பதினொன்று, அசையவில்லை.
பத்தொன்பது, அசையவில்லை.
இருபத்தாறைப் பிடுங்கியதும்
எண் தொப்பென்று முப்பத்தொன்றுக்கு விழுந்தது.
உள்விளக்குகளின் பாதை அது.
கூரை விளக்கு அணைந்திருக்கிறது. டிக்கியும் அப்படியே.
மிச்சம் கையுறைப் பெட்டி.
மூடிய பெட்டிக்குள் விளக்கு எரிகிறதா என்று
திறக்காமல் எப்படிப் பார்ப்பது?

இரண்டு மாதத்தில் நான்கு வார்த்தை பேசாத வீட்டி
தன் ஃபோனில் வீடியோவை ஓடவிட்டு உள்ளே வைத்து மூடினான்.
பத்து விநாடி.
எடுத்துப் பார்த்தால்
கம்பளிக் கையுறைகளும் புதினா மிட்டாய் டப்பாவும்
மஞ்சள் வெயிலில் கிடக்கின்றன.
மூடிய பெட்டிக்குள் ஒரு நண்பகல்!

மூடியின் முனை ஒடிந்திருந்தது.
சுவிட்சை அமுக்க அங்கே ஒன்றுமில்லை.
புது மூடி இருநூறு யூரோ.
பட்டாணி அளவு பிளாஸ்டிக்கை அரத்தால் ராவி ஒட்டினேன்.
பசை காய்ந்ததும் ஃபோனை மறுபடி உள்ளே வைத்தோம், சரிபார்க்க.
அந்த நேரம் பார்த்து ஹன்னெலெ வந்தாள்.
சாவி, கையெழுத்து, நன்றி.
வண்டி போய்விட்டது,
வீட்டியின் ஃபோனோடு.

மறுநாள் இரவுப்பணி முடிந்த கண்களோடு
அவளே கொண்டுவந்து கொடுத்தாள்.
கையுறைகளுக்கு நடுவே கிடந்ததால்
குளிர் அதைக் கொல்லவில்லை.
சார்ஜ் தீரும்வரை பதிவாகியிருந்தது:
நான்கு மணி நேர இருட்டு.

வீட்டி ஓட்டிக் காட்டினான்.
கறுப்பு. கறுப்புக்குள் டயரடியில் பனி நொறுங்கும் சத்தம்.
பிறகு வெகுநேரம் ஒன்றுமேயில்லை.
பிறகு கதவு.
உறைந்த சீட்டின் முனகல்.
"இன்னிக்காவது" என்று காரிடம்
யாரோ கெஞ்சும் குரல்.
சாவி.
ஒரே திருப்பில் எஞ்சின்.
"ஓ" என்றாள், அவ்வளவுதான்.

பழுது நீங்கியதை உறுதிசெய்த விதம் என்று
தாளில் ஒரு கட்டம் உண்டு.
என்ன எழுத என்று கேட்டேன்.
யோவ்னி யோசித்துக்கொண்டிருக்கையில்
"இருட்டு" என்றான் வீட்டி,
ஐந்தாவது வார்த்தையாக.