ஐம்பது நாள் வட்டம்

தாயைப் பழித்தாலும் தண்ணீரைப் பழிக்காதே என்பார்கள்.
தண்ணீரைப் பழிப்பதற்குத்தான்
எனக்கு மாதம் நூற்றெண்பது ரியால்,
தங்குமிடம் இலவசம்.

இப்ரிக்குத் தெற்கே
ஓடாத ஓர் ஆற்றின் கூழாங்கல் படுகையில்
ஊருக்குக் குடிநீர் தரும் ஒன்பது கிணறுகள்.
கம்பிவேலி, பூட்டு, நான்கு மொழிகளில் எச்சரிக்கை.
வேலி ஆட்டைத் தடுக்கும்.
மண்ணுக்குக் கீழே வேலி கிடையாது.

அதற்காகத்தான் வட்டம்.
பொறியாளர் கல்ஃபான்
வரைபடத்தில் கோணலாக ஒரு கோடு இழுத்தார்:
இதன் விளிம்பில் விழும் துளி
கிணற்றை எட்ட ஐம்பது நாள்.
அதற்குள் கிருமி பெரும்பாலும் செத்துவிடும்.
உள்ளே விழுவதுதான் உயிரோடு வரும்.
உள்ளே என்னென்ன இருக்கிறதென்று பார்த்து வா.

பார்த்தேன்.
கார் கழுவும் கொட்டகையின் பின்புறம்
மணல் டீசல் வாடை அடித்தது.
பேரீச்சந் தோப்பில் கிழிந்த யூரியா மூட்டைகள்.
கைவிட்ட ஆழ்துளை ஒன்று, மூடியில்லை,
டார்ச் அடித்தால் அடியில்
வெள்ளையாய் ஏதோ எலும்பு.
இன்னும் மூன்று.

ஏழாவது இடத்தில்
கருவி காட்டிய எண்கள் எனக்கு மனப்பாடம்.
வந்திறங்கிய இரவு
ஜெசிந்தாவுக்கு நான் அனுப்பிய லொக்கேஷன்.

எங்கள் கேம்ப்.
அறுபத்திரண்டு பேர், ஆறு கழிவறை,
பின்னால் அடி பூசாத ஒரு குழி.
மூன்று ஆண்டாக அது நிரம்பவேயில்லை.
நல்ல குழி என்று நாங்கள்
பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

விடிகாலை மூன்றரைக்கு,
யாரும் எழும்பும் முன்,
கடைசிக் கழிவறையில் சாயத்தைக் கொட்டினேன்.
கிளிப்பச்சை. தீங்கில்லாதது.
கணக்குப்படி முப்பத்தொரு நாள்,
ஒரு சம்பளத்துக்கும் அடுத்ததுக்கும் உள்ள தூரம்.

தினமும் ஒரு போத்தல் எடுத்தேன்.
பாதியைச் சாயம் பார்க்கும் கருவிக்கு,
பாதியைக் கிருமி பார்க்கும் பெட்டிக்கு.
அந்தப் பெட்டிக்குள் எப்போதும் முப்பத்தைந்து டிகிரி.
எங்கள் அறையில் கிருமிக்குக் கிடைக்கும்
அந்தச் சுகமும் இல்லை.

பத்தொன்பதாம் நாள்
நான்காம் கிணற்று நீரில் சாயம்.
கண்ணுக்குத் தெரியவில்லை, கருவிக்குத் தெரிந்தது.
மறுநாள் இருட்டறையில்
ஊதா விளக்கின் கீழ்
போத்தல் நீலமாய் ஒளிர்ந்தது,
எவ்வளவு அழகாக!

அன்று மாலை
குல் நவாபின் டேங்கர் கேம்புக்கு வந்தது.
நான்காம் கிணற்றில் நிரப்பியதுதான்.
கை நீட்டி மறித்தேன்.
தாகத்தோடு நின்ற அறுபத்தொரு பேர்
என்னைப் பார்த்த பார்வையை
எந்தப் படிவத்திலும் எழுத இடமில்லை.

காய்ச்சிக் குடிங்க என்றேன்.
கேஸ் யார் தருவா என்றார் எபநேசர்.
அவர் பிளம்பர்; அந்தக் குழியை வெட்டியவர்களில் ஒருவர்.
சிமென்ட் கேட்டோம், தரலை, என்று மட்டும் சொன்னார்.

இரவு பிச்சைக்கனி என் கட்டிலோரம் வந்தான்.
"நம்மளது அவ்ளோ தூரம் நடந்தா போவுது?"
ஒன்றரை மைல், என்றேன்.
"மண்ணுக்குள்ளேயா?"
மண்ணுக்குள்ளே. விசா கேட்காமல்.
அவன் சிரித்தான்.
பாஸ்போர்ட் அலுவலகப் பெட்டியில் இருக்கிற எவனும்
சிரிப்பது போலத்தான்.

வரைபடத்தில் ஏழாவது புள்ளி
கடுகளவு சிவப்பு.
பரிந்துரை என்ற கட்டத்தில்
'அகற்றுக' என்று எழுதினேன்.
எதை என்று கேட்பார்கள்.
அடித்துவிட்டு எழுதினேன்:
குழியை அகற்றுக. பூசிய தொட்டி, வாரம் இருமுறை லாரி.
ஆட்கள் இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

கல்ஃபான் கடைசி வரியை இருமுறை படித்தார்.
இது நீரியல் இல்லையே, என்றார்.
பேனாவை மூடினார், திறந்தார்,
கையெழுத்துப் போட்டார்.

அறிக்கை மஸ்கட் போய்ப் பதினோரு நாள்.
நான்காம் கிணற்றுக்குப் பூட்டு விழுந்துவிட்டது.
லாரி இன்னும் வரவில்லை.
குழி இன்னும் நிரம்பவில்லை.
ஒவ்வொரு முறை வாளியைச் சாய்க்கும்போதும்
நாள் எண்ணத் தொடங்குகிறேன்.