நாற்பத்திரண்டாம் குடும்பம்

கிம் மோ சந்தையில் தாவ் ஹுவே விற்கும்
திருமதி செங்கின் கடைக்குப் பின்னால்
பிழிந்து கொட்டிய சோயாச் சக்கை, ஒரு வாளி நிறைய.
மூன்று நாள் புளிப்பு.
பஞ்சுக்குச்சி நுனியளவு கேட்டேன்.
வாளியோடு எடுத்துப் போகச் சொன்னார்.

அதிலிருந்து வந்தது இது:
இன்னும் பெயரில்லாத பாசில்லஸ்.
தட்டில் நீலம் நீலமாய்ப் பூத்தது.
இனிப்பை வெட்டத் தெரிந்தவைதான்
அந்தத் தட்டில் நீலமாகும்.

வியாழன் இரவு, ஏழாம் மாடி,
மரபணுத் தொடர் வந்திறங்கியது.
நாலே எழுத்து, நாற்பது லட்சம் இடம்.
ரஸாலி விளக்கணைக்க வந்து
என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

முதலில் ஒரு காவலாளிப் புரதம்,
சர்க்கரை வந்து தொடும்வரை
கதவை விடாமல் பிடித்திருப்பது.
அடுத்து, வந்த சர்க்கரையை
உள்ளே இழுக்கும் மூன்று பேர்.
அப்புறம் கத்திகள்.
ஒன்று வீட்டுக்குள்ளேயே இருந்து
கடைசிக் கண்ணியை ஒவ்வொன்றாய்க் கழற்றும்.
மற்றது வெளியே போய்
நெடுஞ்சங்கிலியை நடுவில் நறுக்கும்.

இரண்டும் சந்திக்கும் இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.
ஏ டி ஜி ஏ.
முன்னதன் நிறுத்தக்குறிக்கு
ஓரெழுத்து முந்தியே
பின்னது வாயைத் திறந்துவிடுகிறது,
எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை மாதிரி.

ஒரே கூரை, ஒரே விசை, சேர்ந்தே விழிப்பு.
சகோதரிகள் என்றுதான் நினைத்தேன்.
இல்லையாம்.
உள்ளிருப்பது நாற்பத்திரண்டாம் குடும்பம்,
வெளியே போவது ஐம்பத்து மூன்று.
பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால்
எழுத்துக்கு எழுத்து ஒட்டவே இல்லை.
இதன் சொந்தச் சகோதரி
எங்கோ வெந்நீர் ஊற்றில் கொதித்துக்கொண்டிருக்கிறாள்.
இன்னொருத்தி
தாய்ப்பால் குடிக்கும் குழந்தையின் குடலில்.

ஆனாலும் மடித்துப் பார்.
இரண்டுமே எட்டு இழை சுற்றிய பீப்பாய்.
நான்காம் இழையின் நுனியில் ஒரு குளூட்டாமேட்,
ஏழாம் இழையின் நுனியில் ஒன்று,
நடுவே ஐந்தரை ஆங்ஸ்ட்ராம்.
கோடி ஆண்டுகளில் மற்றதெல்லாம் மாறிப்போக
இந்த இரண்டு விரல் மட்டும்
அதே இடைவெளியில் காத்திருக்கின்றன.
குடும்பம் வேறு, குலம் ஒன்று
என்று அட்டவணையில் போட்டிருக்கிறது.

ஹுய் ஷான் தோளுக்குப் பின்னால் நின்று
வேறொரு கோட்டைக் காட்டினாள்.
ஊர் முழுக்க ஏ-யும் டி-யுமாய்ப் பேச
இந்தத் தெருவில் மட்டும் ஜி, சி தூக்கல்.
ஓரத்தில் ஒடிந்த தாவுமரபணு ஒன்றின் வால்.
"பிறந்த இடம் இது இல்லை," என்றாள்.
எவரோ கொடுத்தது.
எப்போது என்று கேட்டேன்.
தோளைக் குலுக்கினாள்:
எழுத்துக்கணக்கு ஊர்வழக்குக்குச் சாயத் தொடங்கிவிட்டது,
ஆகவே ரொம்ப நாளைக்கு முன்னால்.

என் அம்மா பதினோராம் நாளில் கைமாறியவர்.
ஐந்தாவதும் பெண் என்று ஒரு சீன வீடு கொடுக்க
துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய
ஒரு தமிழர் வீடு வாங்கிக்கொண்டது.
கோமளவல்லி என்று பெயர்.
கண்ணைத் தவிர மற்ற எல்லாம்
எங்கள் தெருப் பேச்சு.

திருமதி செங் அவரிடம் எப்போதும் ஹொக்கியனில்தான் கேட்பார்.
அம்மா தமிழில்தான் பதில் சொல்வார்:
"சீனி வேணாம், சுகர் இருக்கு."
இருபது வருடமாக
இரண்டு பேருக்கும் புரிந்துகொண்டிருக்கிறது.

இன்று தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னேன்.
குலம், குடும்பம், கொடுத்தது, வாங்கியது
எதையும் அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.
"இனிப்பை வெட்டும்ங்கிற?
ஒரு கரண்டி வீட்டுக்குக் கொண்டா."
அது வேறு இனிப்பும்மா என்றேன்.
வைத்துவிட்டார்.

தட்டைக் குளிர்பெட்டியில் வைக்குமுன்
மூடியில் பெயர் எழுதியாக வேண்டும்.
அம்மா பிறந்த வீட்டின் பெயர்
எங்களில் எவருக்கும் தெரியாது.
'செங்-1' என்று எழுதினேன்.
வாளி அவருடையது.