கைநாட்டு

வூப்பர்டாலில் பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது.
மாடிப்படியில் வீட்டுக்காரர் ஒட்டிய தாளில்
அந்த வரிக்கு மட்டும் இரண்டு அடிக்கோடு.
அதனால் என் வலது கை மடியில் கிடக்கும்.
இடது கை இருட்டில் தனியே
கம்பிகளை அழுத்திப் பழகும்:
ஈ மைனர், ஏ மைனர், மறுபடி ஈ மைனர்.
ஒலிக்காத கார்டில் பிழையே இல்லை.

ஞாயிறுச் சந்தையில் பதினைந்து யூரோ.
உறை கிடையாது, ஒரு கம்பியும் கிடையாது.
ஆறையும் சேர்த்து மாற்றச் சொன்னான் கடைக்காரன்.
சம்பளத்துக்கு நான்கு நாள் இருந்தது.
ஒன்று போதும் என்றேன்.
இன்றும் அந்த ஒன்று மட்டும்
கல்யாண வீட்டில் புதுச்சட்டை போட்ட பையன் மாதிரி
எல்லார் பேச்சிலும் குறுக்கே கத்துகிறது.

"என்னடி, கம்பி எண்ணுறியா?" என்கிறாள் பூரணி.
ஆறு என்கிறேன்.

வீணையில் இந்த உலோகக் கட்டைக்கு
மெட்டு என்று பேர்.
மெட்டுக்கு மெட்டு விரல் போகிறது,
மெட்டு மட்டும் வரவில்லை.

ஈ மைனருக்கு இரண்டு விரல் போதும்.
முதல் நாளே வந்தது.
வந்ததும் ஓடிப்போய்க் கதவைச் சாத்தினேன்,
ஏனென்று தெரியவில்லை.
டி ஒரு சின்ன சமோசா.
சி-தான் ஏணி. மூன்று விரலும்
மூன்று படியில் நிற்கவேண்டும்.
மோதிர விரல் பாதி வழியில் நின்று யோசிக்கும்.
ஜி-யிலிருந்து சி-க்கு நான் போய்ச் சேர்வதற்குள்
ஜன்னலுக்கு வெளியே தொங்குரயில்
ஆற்றின் மேலேயே நின்று
ஆளை இறக்கி, ஆளை ஏற்றிக்கொண்டு
போயே போய்விடும்.

அழுத்தாத கம்பிக்குப் புத்தகத்தில் ஒரு வட்டம்.
தொடாதே, ஆனால் ஒலிக்க விடு.
எனக்கு இதுதான் கஷ்டம்.
மருத்துவமனைச் சலவையறையில்
எதையும் மடிக்காமல் விட்ட பழக்கமில்லை.
விரல்சதை சரிந்து
பக்கத்துக் கம்பியின் வாயைப் பொத்திவிடுகிறது.

மார்ச்சில் விசா அலுவலகம்.
கண்ணாடித் தகட்டில் வலது ஆட்காட்டி விரல்: பச்சை.
இடது: சிவப்பு.
துடைத்து வைத்தேன், சிவப்பு.
க்ரீம் தடவி வைத்தேன், சிவப்பு.
பி.எஸ்சி. படித்தும் கைநாட்டுக்கு வழியில்லை.
விரலைத் திருப்பிப் பார்த்தார் ஹெர் டோம்ஷ்கே.
காய்த்த தோல், ரேகைகளுக்குக் குறுக்கே
வெள்ளையாய் ஒரு கோடு.
"இது என்ன?"
சலவை என்று சொல்லியிருக்கலாம்.
"சி" என்றேன்.
"சி ஒன்றா, சி இரண்டா?
சான்றிதழில் பி ஒன்று என்றல்லவா இருக்கிறது?"
"வெறும் சி."
மொழித் தேர்வுக்கும் மேலே அப்படி ஒரு படி
இருக்கிறதா என்று தன் திரையில் தேடினார்.
பிறகு, இரண்டு வாரம் அந்தக் கையைச்
சும்மா வைத்திருங்கள், ரேகை திரும்பிவிடும் என்றார்.

இன்றைக்கு இடது கை மடியில் கிடக்கிறது.
பத்தாக இன்னும் பத்து நிமிடம்.
வலது கட்டைவிரலால் மேலிருந்து கீழாக
ஒருமுறை தடவினேன்.
எதையும் அழுத்தவில்லை.
ஆறும் ஒலித்தன, அந்தப் புதுச்சட்டையும் சேர்ந்து.

அடுத்த அறையிலிருந்து பூரணி:
"இது நல்லாருக்கே, என்ன பாட்டு?"