தயாராகவில்லை

முந்தின இரவு கொழுந்தன் ராடெக்கின் ஸ்கேனரை
ஸ்டியரிங்குக்கு அடியில் செருகி
பி பூஜ்யம் நான்கு நான்கு இரண்டை அழித்தேன்.
மஞ்சள் விளக்கு அணைந்தது.
பாவமன்னிப்பு இவ்வளவு சுலபமா என்று
பழைய பியூக்கின் முதுகில் தட்டினேன்.

காலையில், கிளீவ்லாந்து புகைச் சோதனை நிலையத்தில்,
லடோன்யா என்று பெயர்ப்பட்டை குத்தியவள்
வயரைப் பொருத்தினாள், உதட்டைப் பிதுக்கினாள்.
"பழுது என்று ஒன்றும் இல்லை, மிசஸ் ஹ்லாவாட்டி.
ஆனால் இதற்கு எதுவுமே நினைவில்லை.
ஓட்டிவிட்டு வாருங்கள்."

ஓட்டினேன்.
டாங்கில் பாதி பெட்ரோல், அதற்கு மேல் கூடாதாம்.
குளிர்ந்த எஞ்சினை எழுப்பி
இரண்டரை நிமிடம் சும்மா உறுமவிட்டு
நெடுஞ்சாலையில் ஐம்பத்தைந்திலேயே பத்து நிமிடம்,
பிறகு பிரேக்கைத் தொடாமல் தானாகத் தளர.
போக ஓரிடமும் இல்லாத நான்கு நாள்.
அக்டோபர் மழை. வைப்பரில் சிக்கிய மேப்பிள் இலை
கண்ணாடி முழுக்க என்னோடு வந்தது.
பின்னால் வந்த லாரிக்காரன்
ஹார்னிலேயே என் வம்சத்தை விசாரித்தான்.

ஐந்தாம் நாள், டெனிசன் அவென்யூ சிக்னலில்,
எரிந்தது.
ராடெக்கைக் கூப்பிடாமலே தெரியும், அதே எண்.
வீடு மாறியும் விலாசம் விசாரித்து வந்துவிட்ட
கடன்காரன் மாதிரி.
உட்காரச் சொல்வதைத் தவிர என்ன செய்ய?

பெட்ரோல் மூடியைத் திருகி எடுத்து
மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தேன்.
ரப்பர் வளையத்தில்
நகக்கீறல் அளவு வெடிப்பு.

பதினொரு டாலர்.
புது மூடி மூன்று முறை டிக் என்றது.
ராடெக் ஸ்கேனரை நீட்டினான்.
வேண்டாம் என்றேன்.
விளக்கை இந்த முறை நான் அணைக்கப்போவதில்லை.
அதுவாக நம்பட்டும்.