தூரம் கேட்பவள்

உலான்பாத்தரில், ஊர் முடிகிற இடத்தில்,
கார்ச்சந்தையின் நான்காம் வரிசை என்னுடையது.
பெயர் துல்மா. விற்பதெல்லாம்
ஜப்பானில் ஒருமுறை வாழ்ந்து முடித்த வண்டிகள்.
பொத்தானை அமுக்கினால் ஒரு பெண்குரல் பேசும்.
சுங்க அட்டையைச் செருகவில்லை என்கிறாளாம்.
இங்கே ஏது சுங்க அட்டை?
வாங்குகிறவர்கள் வாழ்த்து என்று நினைத்துத்
தலையசைக்கிறார்கள்.
நான் திருத்துவதில்லை.

நான் கேட்பது ஒன்றுதான்:
ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம்?

எல்லோரும் பொய் சொல்கிறார்கள்.
பேரத்துக்குச் சொல்லும் பொய்யல்ல,
தங்களுக்கே சொல்லிக்கொள்வது.

கம்பளி ஆலைக் கணக்கர் ஒயூன்கெரெலுக்கு
போக ஏழு கிலோமீட்டர், வர ஏழு.
ஆனாலும் கோபிப் பாலைக்குப் போகிற வண்டிதான் வேண்டுமென்று
ஒற்றைக்காலில் நின்றாள்.
கடைசியாக எப்போது போனீர்கள்?
விரல்விட்டு எண்ணினாள்.
தம்பி கல்யாணம். ஒன்பது வருஷம்.

அந்த ஒரு நாளுக்காக
மீதி நாளெல்லாம் பெட்ரோல் சுமப்பானேன்?
மின்சார வண்டியைக் காட்டினேன், சின்னது, முட்டை நிறம்.
ஏழாம் மாடி சன்னலிலிருந்து
வயரைத் தொங்கவிடவா என்றாள்.
நியாயமான கேள்வி.
ஆலைக் காவல்காரர் அறையில் ஒரு பிளக் இருக்கிறது,
ஆலைக்குக் கரண்டுக் காசு,
அவருக்கு மாதம் ஒரு பொட்டலம் தேயிலை,
அவளே கணக்கு முடித்தாள்.

ஜனவரியில் சண்டைக்கு வந்தாள்.
சுழியத்துக்குக் கீழே முப்பத்தெட்டு டிகிரி.
நூற்றைம்பது ஓடும் என்றீர்களே,
எழுபதுதான் காட்டுகிறது!
எழுபதில் எத்தனை பதினாலு என்றேன்.
ஐந்து, என்றாள், கோபம் குறையாமல்.
பிறகு ஹீட்டரைக் கூட்டிவைத்துக்கொண்டு
கையுறையில்லாமல் ஓட்டிப் போனாள்.

கிணறு தோண்டும் செரென்பில் மட்டும்
பொய் சொல்லவில்லை.
எவ்வளவு தூரம் என்றதற்கு,
தண்ணீர் எவ்வளவு தூரமோ அவ்வளவு, என்றார்.
ஹைப்ரிட் பக்கம் கூட்டிப்போனேன்.

ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால்.
வேறெங்காவது அது வசை.
ஆறும் சேறுமே சாலையான நாட்டில்
வேறெப்படி நடப்பது?
நகர நெரிசலில் இஞ்சின் வாய்பொத்தி இருக்கும்,
பிரேக்கில் வீணாகிற வேகத்தைச்
சில்லறைபோல் மின்கலத்தில் சேர்த்துக்கொள்ளும்,
புல்வெளிக்குக் கட்டுச்சோறாகப் பெட்ரோல்.
எல்லாம் சொன்னேன்.
ராத்திரி இஞ்சின்மேல் கம்பளி போர்த்தச் சொன்னேன்.
இதென்ன, குட்டிபோட்ட ஆடா என்று சிரித்தார்.

ஒன்று சொல்லவில்லை.
அந்த மின்கலத்துக்குப் பதினோரு வயது.

மார்ச்சில், காற்று ஊளையிடும் ஒரு மாலை,
தொலைபேசியில் அவர் குரல்.
சிவப்பில் முக்கோணம் எரிகிறது துல்மா,
வண்டி நகர மாட்டேன் என்கிறது.
உங்கள் ஜப்பான்காரி மட்டும் பேசுகிறாள்,
என்ன சொல்கிறாள்?

என்ன சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும்.
முக்கோணம் என்ன சொல்கிறது என்றும் தெரியும்.

வரிசையில் இருபத்திரண்டு வண்டிகள்.
அன்றுதான் ஒவ்வொன்றின் முன்னும்
வாங்க வந்தவள்போல நின்றேன்.
மின்சார வண்டிகளைக் கடந்து போனேன்;
அவற்றின்மேல் குற்றமில்லை,
அவர் நின்றது அவற்றின் ஊரில்லை.
இன்னொரு ஹைப்ரிட், பின்னிருக்கையில்
சோதித்துப் பார்த்த ஒரு மின்கலம்,
பக்கத்தில் மெக்கானிக் ஒத்சூரென், தூங்கியபடி.
தார் முடிந்த இடத்திலிருந்து
முன்னால் போனவர்களின் தடமே சாலை.

விடியும்போது பார்த்தேன்.
கம்பளி போர்த்தியிருந்தது வண்டிக்கு.
அவர் வெளியே நின்று காலைத் தட்டிக்கொண்டிருந்தார்.

திட்டுவார் என்று நினைத்தேன்.
பிளாஸ்க்கிலிருந்து உப்புத்தேநீரை ஊற்றி நீட்டி,
எவ்வளவு தூரம் வந்தீர்கள் என்றார்.

முந்நூற்றுப் பன்னிரண்டு.

பக்கம்தான், என்றேன்.