கோட்டை கட்டாத நிலா

ஷப்பெக்கோவில் விடிவதற்குள்
கோழி லாரிகள் மலையேறிவிடும்.
அவை உதிர்த்த வெள்ளை இறகுகள்
ஆய்வக ஜன்னலில் ஒட்டிக்கொண்டிருக்கும்.
பனி என்று ஏமாற வேண்டாம்,
பிரேசிலில் இது கோடையின் வால்.

இருபத்தைந்து கிராம் கழுத்துத் தோல்,
வெதுவெதுப்பான ஊட்டச்சாறு,
ஓர் இரவு அடைகாப்பு.
குஞ்சு பொரிக்கும் இயந்திரத்துக்கும் எங்களுடையதற்கும்
ஒரே பெயர்தான். இங்கே பொரிவது வேறு.
சில நாளில்
சிவப்புத் தட்டிலிருந்து கருவிழியோடு
பார்க்கும் சால்மொனெல்லா.
பத்தொன்பது வருடமாகப் பார்க்கிறோம்
ஒன்றையொன்று.

பிறகு வைக்கோல் நிறத்தில் இன்னொரு தட்டு.
நுண்ணுயிரைப் பூசி, மேலே
மருந்து தோய்த்த காகிதப் பொட்டுகள் வைப்பேன்.
மருந்துக்குப் பலமிருந்தால்
பொட்டைச் சுற்றித் தெளிந்த வட்டம் விழும்,
மழைக்கு முன் நிலா கட்டும் கோட்டைபோல.
எட்டக் கட்டினால் குணம் கிட்ட.
கிட்டக் கட்டினால் குணம் எட்ட.
417-ஆம் மாதிரியில்
ஐந்து நிலவுகள் கோட்டையே கட்டவில்லை.
பொட்டின் விளிம்புவரை வந்து
வேலியில் சாய்ந்து பேசும் பக்கத்து வீட்டுக்காரர்போல்
நின்றிருந்தன அவை.

அதே வாரம் மருத்துவமனையிலிருந்து ஒரு குழாய்.
வெட்டுக்கூடத்தில் தொடை எலும்பு நீக்கும் வரிசையில் நிற்கும்
ஹைத்திக்காரி ஒருத்தியின் இரத்தத்தில் வளர்ந்தது.
பெயர் எனக்கு வரக் கூடாது.
யாரோ ஒட்டுத்தாளைக் கிழிக்க மறந்ததில் வந்துவிட்டது:
மிர்லாந்த் எஸ்தினே, இருபத்தெட்டு.
இரண்டின் மரபெழுத்தையும் அருகருகே வைத்தேன்.
ஏறத்தாழ ஐம்பது லட்சம் எழுத்துகளில்
வேறுபட்டவை மூன்று.

மாதிரிக்குப் பண்ணைப் பெயர் இல்லை, எண் மட்டும்.
பெயர்ப் பட்டியல் என் மேசை இழுப்பறையில்.
திறந்தேன்.
பதோவா சாலை, மூன்றாம் கொட்டகை,
அதெமார் சங்கெட்டா.
என் தம்பி.

ஞாயிறன்று போனேன்.
சிமர்ரோன் குடுக்கை சுற்றி வந்துகொண்டிருந்தது,
ஒரே உறிஞ்சுகுழல், ஐந்து வாய்.
"என்ன மருந்து போடுகிறாய்?"
அவன் சிரிக்கவில்லை.
"குஞ்சு கம்பெனியுடையது. தீவனம் கம்பெனியுடையது.
மருந்துச் சாக்கு தைத்தே வருகிறது.
கொட்டகை என்னுடையது, அதன் கடனும்.
செத்தது எத்தனை என்று
தினம் எழுதுவது மட்டும் என் வேலை."
கொஞ்சம் பொறுத்து,
"முட்டைக்குள்ளேயே ஊசி போட்டுத்தானே அனுப்புகிறார்கள்,
உனக்குத் தெரியாதா?"

தெரியும். எழுதியும் இருக்கிறேன், மூன்று கட்டுரைகள்.
அவன் கொட்டகை வாசலில் நின்று
ஒருமுறையும் யோசித்ததில்லை.
ஓட்டைக் கொத்துவதற்கு முன்பே
மருந்தைப் பார்த்துவிட்ட குஞ்சு.
அதன் குடலில் முதலில் குடியேறியவை
தப்பிப் பிழைத்தவை.

தப்பிய வித்தையை அவை பூட்டி வைப்பதில்லை.
ஒரு சிறு வளையத்தில் எழுதி
அடுத்ததிடம் நீட்டும், கைமாற்றாக.
வட்டி இல்லை, பத்திரம் இல்லை,
என்ன இனம் என்றுகூடக் கேட்பதில்லை.
என் தம்பிக்கு எந்த வங்கியும் இப்படிக் கொடுத்ததில்லை.

குடுக்கை என்னிடம் வந்தது.
குழல் இன்னும் ஈரம்.
இங்கே மறுத்தால் அது சண்டை.
உறிஞ்சினேன்.
கசப்பு, பிறகு சூடு.

திங்கள் காலை மருத்துவருக்குப் போன் செய்தேன்.
"ஒரே ஒரு மருந்து எட்டக் கட்டியிருக்கிறது."
"அது நான்கு நாளைக்குத்தான் இருக்கிறது" என்றார்.
பிறகு இருவருமே போனை வைக்கவில்லை, கொஞ்ச நேரம்.

அறிக்கையில் 'மூலம்' என்ற கட்டத்தில்
பண்ணை எண்ணுக்கு மட்டுமே இடம்.
பொரிப்பகத்தின் பெயரை ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்.
பென்சில் அழியும் என்று தோன்ற
அதன்மேலேயே பேனாவால் ஓட்டினேன்.
எழுத்து கோணலாகிவிட்டது.

வியாழனன்று மிர்லாந்தின் புதிய இரத்தம்.
குப்பி முதல் நாள் தெளிவாகவே இருந்தது.
இரண்டாம் நாளும்.
விதிப்படி
ஐந்து நாள் பார்க்க வேண்டும்.